டூ ஆஃப் கப்ஸ் மூன்று முறை வந்தால்?

கேள்வி:

எனக்கு 28 வயது. கோவையில் ஒரு பம்ப் உதிரிபாகக் கம்பெனியில், உலோகத்தைக் கணினி வழியாகச் செதுக்கும் சிஎன்சி மெஷின்களுக்குப் புரோகிராமராக இருக்கிறேன். அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணை இரண்டு வருடமாக விரும்பினேன். பிப்ரவரியில் சொன்னேன். "எனக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லை, நண்பராகத்தான் நினைத்தேன்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாதமே பெங்களூருவில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். தூக்கம் வராத இரவுகளில் யூடியூபில் டாரட் வீடியோ, அதாவது படச் சீட்டு எடுத்துக் குறி சொல்லும் வீடியோ, பார்க்க ஆரம்பித்தேன். பிறகு ஆன்லைனில் மூன்று பேரிடம் ரீடிங் எடுத்தேன், 11,000 ரூபாய் வரை போய்விட்டது. அதில் ஒருவர், "அவங்க மனசுல நீங்க இருக்கீங்க, நடுவுல ஒரு தடை இருக்கு" என்கிறார். தடையை நீக்க 18,000 கேட்கிறார். இப்போது நானே ஒரு டாரட் கட்டு வாங்கி, தினமும் இரவில் மூன்று கார்டு எடுத்து, அவள் என்னை நினைக்கிறாளா என்று கேட்கிறேன். 110 நாளில், காதலுக்கு நல்லது என்று சொல்லும் டூ ஆஃப் கப்ஸ் கார்டு மூன்று முறை வந்தது. மூன்றாவது முறை வந்த இரவு அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். மறுநாள் பிளாக் செய்துவிட்டாள். ஃபைவ் ஆஃப் கப்ஸும் அடிக்கடி வருகிறது. போன வாரம் மெஷினில் டூலின் இட அளவை (ஆஃப்செட்) தப்பாகப் போட்டு, டூல் மோதி உடைந்தது. சில நாள் காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது. நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஒருதலைக் காதலின் காயத்தை டாரட் ஆற்றும் என்கிறார்களே, உண்மையா? வேண்டாம் என்றால் கார்டுகளை எரிக்க வேண்டுமா, ஆற்றில் விட வேண்டுமா? சும்மா தூக்கிப் போட்டால் தோஷம் என்கிறார் அந்த ரீடர்.

பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தின் கடைசிப் பகுதியில் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்களே, காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று, அதைத்தான் முதலில் எடுக்கிறேன். அது தூக்கமில்லாத உடம்பின் அலுப்பா, இல்லை உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணமா? இரண்டாவது என்றால், அது ஒரே ஒரு முறை வந்து போயிருந்தாலும் சரி, இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணும் இருக்கிறது. வெறும் அலுப்புதான் என்றாலும் ஒரு மனநல மருத்துவரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டு, மெஷின் முன்னால் கவனம் சிதறுகிறது என்றால் இது காதல் விவகாரத்தோடு நிற்கவில்லை. டூல் உடைந்தால் வேறு டூல் போடலாம், அடுத்த முறை சுழலும் சக்குக்குப் பக்கத்தில் உங்கள் கை இருக்கக் கூடாது.

இரண்டாவது, 18,000 ரூபாய். கொடுக்காதீர்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. தடை இருக்கிறது என்று சொல்கிறவரே அதை நீக்கவும் விலை சொல்கிறார் என்றால், அவர் கையில் இருப்பது எந்தச் சீட்டாக இருந்தாலும் தொழில் ஒன்றுதான். பணம் கேட்டு மிரட்ட ஆரம்பித்தால், பேசியதையெல்லாம் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930க்குச் சொல்லுங்கள். ஆன்லைன் பண மோசடிக்கான எண் அது. போன 11,000 போனதுதான். அதை மீட்க இன்னொரு ரீடிங் எடுக்கத் தோன்றும், தோன்றினால் இந்தப் பத்தியை மறுபடி படியுங்கள்.

சரி, இப்போது டூ ஆஃப் கப்ஸுக்கு வருவோம். மைக்ரான் கணக்கில் வேலை செய்கிறவர் நீங்கள். அதனால் ஆறுதலுக்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு டாரட் சீட்டுக்கட்டில் 78 கார்டு இருக்கின்றன. ஒரு இரவுக்கு மூன்று எடுத்தால், குறிப்பிட்ட ஒரு கார்டு வருவதற்கான வாய்ப்பு 78ல் 3, அதாவது 26ல் ஒன்று. 110 இரவில் அந்தக் கார்டு சராசரியாக நான்கு முறை தலைகாட்ட வேண்டும். உங்களுக்கு வந்தது மூன்று. பிரபஞ்சம் ஏதாவது சொல்ல நினைத்திருந்தால் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சொல்லியிருக்கிறது. ஃபைவ் ஆஃப் கப்ஸுக்கும் இதே கணக்குதான். அது "அடிக்கடி" வருவதாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எத்தனை முறை என்று எழுதவில்லை. டூ ஆஃப் கப்ஸை மட்டும் எண்ணி வைத்திருக்கிறீர்கள், கவனித்தீர்களா?

இன்னும் ஒரு படி போகலாம். காதலுக்கு நல்லது என்று அந்த வீடியோக்களில் சொல்லும் கார்டுகள் ஒரு ஆறு இருக்கும் என்று வையுங்கள்: லவ்வர்ஸ், டூ ஆஃப் கப்ஸ், டென் ஆஃப் கப்ஸ், ஏஸ் ஆஃப் கப்ஸ், ஸ்டார், சன். மூன்று கார்டில் இவற்றில் ஒன்றாவது வந்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து இரவுக்கு ஒன்று. தினமும் வந்தால் சலித்துவிடும், வரவே வராவிட்டால் விட்டுவிடுவீர்கள். எப்போது வரும் என்று தெரியாமல் ஐந்துக்கு ஒன்று வந்தால் விடவே முடியாது. உளவியலாளர்கள் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் புறாக்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்து 1957ல் பெரிய புத்தகமாகப் போட்டார்கள். பலன் எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாதான் கொத்துவதை நிறுத்தாமல் கொத்திக்கொண்டே இருந்தது. ஆன்லைன் ரம்மி ஓடியதும் இந்த எண்ணெயில்தான். இரவு பதினொரு மணிக்குக் கட்டைக் குலுக்குகிற உங்கள் கையும் அந்தப் பழக்கத்தில்தான் மாட்டியிருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை, மூளை அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. 2010ல் ஹெலன் ஃபிஷர் என்ற ஆய்வாளரின் குழுவினர், காதலில் ஒதுக்கப்பட்டும் இன்னும் காதலித்துக்கொண்டிருந்த 15 பேரை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டினார்கள். போதைப் பொருளுக்காக ஏங்குகிறவர்களிடம் வேலை செய்யும் பகுதிகள் இவர்களிடமும் விழித்துக்கொண்டன.

"நடுவுல ஒரு தடை இருக்கு" என்ற வாக்கியத்தையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அது யாருக்குப் பொருந்தாது? 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவர் கையிலும் "உங்களுக்கென்றே எழுதிய குணக்குறிப்பு" என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். கடையில் வாங்கிய ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கோத்த வரிகள். "இந்த வீடியோ உங்க கண்ணுல பட்டது தற்செயல் இல்ல" என்று ஆரம்பிக்கிறார்களே, அது தற்செயல் இல்லைதான். முந்தின நாள் இரவு அதே மாதிரி நான்கு வீடியோ பார்த்தீர்கள், ஐந்தாவதை யூடியூப் கொண்டு வந்து நிறுத்தியது.

இவ்வளவு கறாராக எழுதிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் நியாயமாக இருக்காது. பத்தொன்பது வயதில் நானும் இப்படிக் குறி கேட்டவள்தான். கட்டெல்லாம் கிடையாது. கல்லூரி வாசலில் நின்றுகொண்டு, அடுத்து வரும் பஸ்ஸின் நம்பர் இரட்டைப்படையாக இருந்தால் அவன் இன்று என்னைப் பார்த்துச் சிரிப்பான் என்று வைத்துக்கொள்வேன். ஒற்றைப்படையாக வந்தால், "மூன்று பஸ்ஸில் இரண்டு" என்று விதியை மாற்றிக்கொள்வேன். நீங்களும் கார்டு பிடிக்காத இரவில் மறுபடி குலுக்கியிருப்பீர்கள். நமக்கு முன்னால் கடற்கரை மணலில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டார்கள். கோட்டின் இரு முனையும் கூடினால் அவன் வருவான், கூடாவிட்டால் வரமாட்டான். கூடல் இழைத்தல் என்று அதற்குப் பெயர். கூடலைப் பார்த்து, கூடிவிடு கூடிவிடு என்று கெஞ்சும் ஒரு பதிகமே ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இருக்கிறது. ஆக, நீங்கள் செய்தது பைத்தியக்காரத்தனம் என்றால் அது ரொம்பப் பழைய, மரியாதையான பைத்தியக்காரத்தனம்.

ஆனால் அதில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று பெயர் வைத்த தொல்காப்பியம், அதற்கு ஒரு அடையாளம் சொல்கிறது: "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்". சொன்ன சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடைக்காதவன், சொல்லிச் சொல்லித் தானே இன்பம் அடைவது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இந்த வரியைத்தான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நோவது காதல் கிடைக்காதது மட்டும் இல்லை, பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில் கார்டுகளை உட்காரவைத்துவிட்டீர்கள். இரவு பதினொரு மணிக்கு அவள் பேசமாட்டாள், கார்டு பேசும். அவள் குரலில் பேசுவது போலவே இருக்கும். டாரட் உங்களை ஆற்றாமல் போனதற்குக் காரணம் இதுதான். ஆறுவதற்கு அவளை விட வேண்டும், நீங்களோ கார்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

அப்புறம், எதிர்ச்சொல் கிடைக்கவில்லை என்று சொன்னேனே, அதுகூட முழு உண்மை இல்லை. பிப்ரவரியிலேயே கிடைத்துவிட்டது. அவள் மழுப்பவில்லை, பார்க்கலாம் என்று இழுக்கவில்லை, தெளிவாகச் சொன்னாள். அதற்கு மேலும் கார்டைக் கேட்பது, ஒரு பெண் தன் வாயால் சொன்னதைவிட அச்சடித்த அட்டை சொல்வதை அதிகம் நம்புவதாகும். நம் ஊர் சினிமா அரை நூற்றாண்டாக இதைத்தான் சொல்லிக்கொடுத்தது, வேண்டாம் என்றால் வேண்டும், துரத்தினால் மனசு மாறும் என்று. "அவங்க மனசுல நீங்க இருக்கீங்க" என்ற ரீடிங் அதே வசனம்தான், பின்னணி இசைக்குப் பதில் சாம்பிராணி. உங்கள் மெசேஜில் தப்பாக ஒரு வார்த்தைகூட இருந்திருக்காது, நம்புகிறேன். ஆனாலும் ராத்திரி நேரத்தில் அது அவள் போனில் வந்து விழுந்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? 1993ல் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் ஒருதலைக் காதலை இரு பக்கமும் எழுதச் சொல்லி ஆராய்ந்தார்கள். காதலித்தவர்களின் நினைவில் வலியோடு கொஞ்சம் இனிப்பும் கலந்திருந்தது. மறுத்தவர்களுடைய நினைவு பெரும்பாலும் கசப்பு. நல்லவனைப் புண்படுத்திவிட்டோமே என்ற குற்ற உணர்வு, எப்படித்தான் சொல்லி நிறுத்துவது என்ற தவிப்பு. காதலிக்கிறவனுக்கு ஆயிரம் பாட்டும் கதையும் இருக்கின்றன, மறுக்கிறவளுக்கு வசனம் எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. உங்களுடையவள் பிளாக் பொத்தானை அமுக்கினாள். அதுதான் அவளுக்குக் கிடைத்த வசனம்.

இனி வேறு நம்பரிலிருந்து ஒரு மன்னிப்புகூட அனுப்ப வேண்டாம். தோழி மூலமாகவும் வேண்டாம். விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம், முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. டூ ஆஃப் கப்ஸ் உங்களை எவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போகும் என்று தெரிந்திருக்கட்டும்.

டாரட் ஐயாயிரம் வருட எகிப்திய ஞானம் என்று அந்த ரீடர் உங்களுக்கும் சொல்லியிருப்பார், எல்லோரும் சொல்கிறார்கள். அது பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் பணக்கார வீடுகளில் ஆடிய சீட்டாட்டம். மிலான் பிரபுக்கள் தங்கப் பூச்சு வைத்து வரையச் சொன்ன சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1781ல் கூர் தெ ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் இது எகிப்து என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் என்ற அறிஞர் படித்துக் காட்டியது 1822ல், அதனால் ஜெபலின் எதை வைத்து எழுதினார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உங்கள் கையில் இருக்கும் கட்டு பெரும்பாலும் 1909ல் லண்டனில் ரைடர் என்ற பதிப்பகம் கொண்டுவந்த கட்டாகவோ அதைப் பார்த்து வரைந்ததாகவோ இருக்கும். அந்த 78 படத்தையும் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். பெரிய வேலை, காசோ ரொம்பக் கொஞ்சம் என்று அந்த வருடமே ஒரு கடிதத்தில் நொந்துகொண்டவர். 1951ல் வறுமையில்தான் செத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அவர் படத்தைக் காட்டி உங்களிடம் 18,000 கேட்கிறார்கள்.

ஆனால் படங்கள் நல்ல படங்கள். அதனால்தான் என் அறையிலும் மேஜை டிராயரில் ஒரு கட்டு இருக்கிறது. குறி சொல்ல மாட்டேன். வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் மேடம்" என்பார்கள். 78 படத்தையும் முகம் மேலே தெரியும்படி பரப்பி, "இதில் உங்கள் வாரம் எது" என்று கேட்டால் கை தானாக ஒன்றை எடுக்கும். பேச்சு அதிலிருந்து பிறக்கும். டாரட் காயத்தை ஆற்றுமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் தரக்கூடிய பதில் இவ்வளவுதான்: குலுக்கி எடுத்தால் ஆற்றாது, பார்த்து எடுத்தால் கொஞ்சம் உதவலாம்.

அதற்கு முன்னால் மூன்று வாரம் கட்டைத் தொடாதீர்கள். வீட்டில் இருந்தால் கை போகும், அதனால் கம்பெனி லாக்கரில் வைத்துவிடுங்கள். யூடியூபில் அந்தச் சேனல்களை "பரிந்துரைக்க வேண்டாம்" என்று போட்டுவிடுங்கள். முதல் வாரம் மோசமாக இருக்கும். இரவு பதினொன்று அடித்ததும் கை பரபரக்கும். எழுந்து ஒரு நடை போய்விட்டு வாருங்கள், இல்லாவிட்டால் குளியுங்கள். மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், வெளிச்சத்தில், வாரத்துக்கு ஒரு முறை மட்டும் எடுக்கலாம். கேள்வியில் "அவள்" என்ற சொல் வரக் கூடாது, "நான்" என்றுதான் இருக்க வேண்டும். அவள் என்னை நினைக்கிறாளா என்பதற்குப் பதில், இந்த வாரம் நான் எந்த நேரத்தில் ரொம்பத் தனியாக இருந்தேன் என்று கேளுங்கள். கூடவே வரும் சின்னப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். படத்தில் என்ன தெரிகிறது என்று, ட்ராயிங் படிப்பது போல, முதலில் வெறுமனே சொல்லுங்கள்: ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறான், கையில் என்ன, பின்னால் என்ன.

உங்களை விடாமல் வரும் ஃபைவ் ஆஃப் கப்ஸையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு அங்கி போட்ட ஒருவர் தலை குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. அப்பால் ஒரு ஆறு, அதைக் கடக்க ஒரு பாலம், அக்கரையில் ஒரு கோட்டை. எல்லா ரீடரும் என்ன சொல்வார்கள் தெரியுமா? "திரும்பிப் பாருங்க, ரெண்டு கோப்பை மிச்சம் இருக்கு, பாசிட்டிவா இருங்க." எனக்கு இந்த விளக்கம் பிடிக்காது. சாவு வீட்டுக்கு வந்து "இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்களே" என்று சொல்கிறவர்களுடைய பேச்சு இது. கவிழ்ந்ததைப் பார்த்து நிற்பதற்கும் ஒரு காலம் தேவை. நீங்கள் இன்னும் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பது என் எண்ணம். மூன்றும் நிமிருமா என்று கார்டைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அழவில்லை. மூன்று கோப்பைக்கும் பெயர் வையுங்கள். ஒன்று அவள், சரி. மற்ற இரண்டு? ஒருவேளை அவளோடு கேன்டீனில் டீ குடித்த அந்தப் பத்து நிமிடம், அதற்காக எழுந்து ஷேவ் செய்துகொண்டு கிளம்பிய காலைகள். இரண்டு வருடம் உங்கள் நாளுக்கு உருவம் கொடுத்தது அதுதான். அது போனதற்கும் ஒரு துக்கம் உண்டு, ஆனால் அந்த இடத்தை வேறொன்று நிரப்ப முடியும். அவள்தான் வர வேண்டும் என்பதில்லை.

நைட் ஆஃப் கப்ஸை ஒரு தரம் பாருங்கள். குதிரை மேல் ஒரு இளைஞன், கோப்பையை முன்னால் நீட்டிக்கொண்டு போகிறான். அழகான படம், காதல் வருகிறது என்பார்கள். அவனுக்கு எதிரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். எய்ட் ஆஃப் கப்ஸில் ஒருவன் எட்டுக் கோப்பையையும் விட்டுவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு, நிலவு பார்த்திருக்க மலைப்பக்கம் நடக்கிறான். ஒரு கோப்பையும் உடையவில்லை, கவிழவில்லை. கீழே ஐந்து, மேலே மூன்று, மேல் வரிசையில் இன்னொன்று வைக்கிற அளவுக்கு ஒரு இடைவெளி. அடுக்கி வைத்ததெல்லாம் நன்றாகவே இருந்தும் ஒன்று குறைகிறது என்று தெரிந்து கிளம்புகிறவன் அவன். அவள் கெட்டவள் என்று நிரூபித்தால்தான் வெளியே வர முடியும் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். இந்த ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

படத்தைப் பார்த்த பிறகு எழுத வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைக் காயப்படுத்திய விஷயத்தை நடந்ததும் உணர்ந்ததும் சேர்த்து எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது, அதனால் உங்களுக்கும் கனக்கும், பயப்படாதீர்கள். அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. நீங்கள் அவளுக்கே எழுதுவது போல எழுதலாம். அனுப்பக் கூடாது, அதற்காகவே போனில் எழுத வேண்டாம், நோட்டில் எழுதுங்கள். செதுக்க வேண்டிய ஜாப்பை மாட்டாமல், மெஷினை வெறுமனே ட்ரை ரன் ஓட்டிப் பார்ப்பீர்களே, அதைப் போல. டூல் எங்கெல்லாம் போகிறது என்று தெரியும், யார் மேலும் இடிக்காது.

எவ்வளவு நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்தக் கேள்வி உண்டு. என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு நான்கு மாதம், ஒருவருக்கு இரண்டு வருடம். நாள் குறிக்க என்னால் முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டை விரிக்க மறந்துவிட்டீர்கள் என்பது திங்கட்கிழமைதான் நினைவுக்கு வரும், அந்த மாதிரிதான் தெரியவரும்.

நண்பர்கள் சிரிப்பார்கள் என்கிறீர்கள். கூட்டமாகச் சொன்னால் சிரிப்பார்கள்தான். ஒருவனை மட்டும் தனியாக டீக்கடைக்குக் கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த நண்பன் என்று இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். "சரக்கடிச்சா சரியாயிடும்" என்று ஆரம்பித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள், தூக்கம் கெட்டவனுக்கு அது இன்னும் கெடுதல்.

அம்மாவிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "ஆறு மாதம் ஜாதகம் பார்க்க வேண்டாம்மா, மனசு சரியில்லை" என்றால் போதும். அம்மாக்களுக்குப் பாதி புரியும், மீதியைக் கேட்காமல் சாப்பாடு போடுவார்கள். இந்த நிலையில் ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினால், வருகிறவள் இன்னொருத்தியின் நிழலோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். அவளுக்கு அது என்ன நியாயம்?

கார்டுகளை எரிக்க வேண்டுமா, ஆற்றில் விட வேண்டுமா என்றீர்கள். அது அட்டை, தம்பி. எங்காவது ஒரு அச்சகத்தில் பெட்டி பெட்டியாக அடித்தது. தோஷமெல்லாம் ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை பழக்கம் உதவினால் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி குலுக்கத் தோன்றினால் ஷூ பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஆற்றில் மட்டும் வேண்டாம். நொய்யல் ஏற்கெனவே சுமப்பது போதும்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்